கோமதி அக்காவும் நான்காம் எண் வால்வும்

செவ்வாய்க்கிழமை காலை, புனே விமான் நகர் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தின் நடுவே கோமதி அக்காவின் கணவர் சங்கரலிங்கம் அண்ணனின் அழைப்பு வந்தது. அவர் என்னை நேராக அழைக்கிறவர் இல்லை. என்ன விஷயமானாலும் மனைவியிடம் சொல்வார், மனைவி என்னிடம் சொல்வார். அதனால் திரையில் அவர் பெயரைப் பார்த்ததுமே எழுந்து வெளியே வந்துவிட்டேன். "முரளி, கோமதி போயிட்டா. ஆறரைக்கு," என்றார். பிறகு, "ஆஸ்பத்திரில இருந்து தாபோடிக்குக் கொண்டு வாராங்க. நீங்க வரணும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

புனேத் தமிழர்களில் பலருக்குக் கோமதி அக்காவைப் பொங்கல் விழாவில் மைக் செட்காரரை அதட்டி வேலை வாங்கும் அம்மாளாகத் தெரியும். பழைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் சிலருக்கு வேறு வகையில் தெரியும். அம்பாசமுத்திரத்துக் குடும்பம், அப்பாவுக்குத் தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரியில் குமாஸ்தா வேலை. அக்கா பிறந்து வளர்ந்தது எல்லாம் தாபோடிதான். ஆனால் வீட்டுத் தமிழ் மட்டும் தாமிரபரணிக் கரையிலேயே நின்றுவிட்டது. இடையிடையே இந்தியும் மராத்தியும் வந்து விழும், அவ்வளவுதான். ராணுவத்துக்கு வயர்லெஸ் செட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தார். அந்தப் பிரிவை மூடியபோது, பழைய ரேடியோக்களுக்குள் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகளைச் சோதிக்கும், யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய பெட்டி ஒன்றை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார். சாம்பல் நிறத் தகரப் பெட்டி. முகப்பில் ஒரு முள் மீட்டர், கீழே வால்வைச் சொருக வரிசையாகத் துளைகள்.

நான் அவரை முதலில் தேடிப் போனது ஒரு பழைய ஆம்ப்ளிஃபயருக்காக. முன்பாதியில் வால்வு, பின்பாதியில் டிரான்சிஸ்டர் என்று இரண்டும் கலந்த வகை. அக்கா என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்; ஆனாலும் என்னைச் 'சார்வாள்' என்றுதான் கூப்பிடுவார். ஒரு பக்கம் ஒலி மங்கிவிட்டதால், ஒரு புகழ்பெற்ற பழைய ஐரோப்பிய வால்வு என்று இணையத்தில் பார்த்து ஒரு ஜோடி வரவழைத்திருந்தேன். பெட்டியைப் பெருமையோடு நீட்டினேன். அக்கா ஒன்றை எடுத்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, கண்ணாடியில் இருந்த எழுத்தின் மேல் ஒரு தேய் தேய்த்தார். எழுத்து விரலோடு வந்துவிட்டது. "எழுத்து நேத்துப் போட்டது. வால்வு எப்பம் செஞ்சதுன்னு அதுக்கே தெரியாது," என்றார். பிறகு வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தவர், முகம் மாறிக் கேட்டார். "இத நீங்க சொருகிப் பாத்தியளா?"

"இன்னும் இல்லீங்க்கா."

"நல்ல காலம். ஒம்பது காலு, அதே உசரம். ஆனா உள்ள வயரிங் வேற. சொருகி ஸ்விட்ச்சத் தட்டியிருந்தியன்னா இன்னைக்கு ஆம்ப்ளிஃபயரே கெடையாது உங்களுக்கு."

அன்றிலிருந்து ஞாயிறு காலைகளில் நான் தாபோடிக்குப் போகத் தொடங்கினேன். அவர் சோதிக்கும் முறை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். முதலில் உள்ளே எங்காவது ஒன்றோடொன்று உரசுகிறதா, மின்சாரம் கசிகிறதா என்று பார்ப்பார். பிறகு அரை மணி நேரம் சூடேறவிட்டு, மீட்டரில் அளவு எடுத்து, ஒரே அளவு காட்டும் இரண்டை ஜோடி சேர்ப்பார். அதன் பிறகுதான் பரீட்சையே. போனாலும் பரவாயில்லை என்று வைத்திருந்த ஒரு ஸ்பீக்கரோடு சோதனை ஆம்ப்ளிஃபயரை இணைத்து, பாட்டு எதுவும் போடாமல், ஒலியை முழுதாக ஏற்றிவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்பார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. "தாம்பா," என்று மராத்தியில் கையைக் காட்டி நிறுத்துவார். லோக்கல் வண்டி கடந்து போய், தண்டவாளத்தின் அதிர்வு அடங்கிய பிறகு பென்சிலின் பின்பக்கத்தால் வால்வின் கண்ணாடியை மெல்லத் தட்டுவார். தட்டியது மணி மாதிரி ஸ்பீக்கரில் கேட்டால் அந்த வால்வு தள்ளுபடி. "கெட்டது இல்லங்கிறத மீட்டர் சொல்லீரும். நல்லதுங்கிறத காதுதான் சொல்லணும்," என்பார். தேறியதற்கு ஒரு சின்னச் சீட்டில் அளவுகளை எழுதி, அடியில் தமிழில் 'அமைதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பெட்டிக்குள் வைப்பார். அந்தச் சீட்டுக்காகவே புனேயில் பலர் அவரிடம் வந்தார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதில் பெரும்பாலோர்.

அப்படி ஒருவர்தான் வானவடியில் இருக்கும் கர்னல் ஜாதவ். ஓய்வுபெற்று நீண்ட காலமாகிறது. அவருடைய ஆம்ப்ளிஃபயரும் என்னுடையதைப் போலவே கலப்பு வகை. ஸ்பீக்கர்கள் மட்டும் வேறு கதை. காலமான அவருடைய அண்ணன் கையாலேயே செய்தவை. மரப்பெட்டி முதல் உள்ளே இருக்கும் காகிதக் கூம்பு வரை. அவருக்கு ஒரு ஜோடி வால்வு தேவைப்பட்டது. அக்கா ஆறு வால்வுகளை எடுத்து, எண் போட்டு ஒட்டி, ஒரு ஞாயிறு காலை சோதிக்க உட்கார்ந்தார். இரண்டு முதலிலேயே தேறவில்லை. மீட்டரில் நான்காம் எண்ணும் ஆறாம் எண்ணும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் பொருந்தின.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். அவர்கள் வீட்டு வாஷிங் மெஷின் வேலை முடிந்ததும் கீச்கீச்சென்று கத்தும். அக்கா அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், திரும்ப மாட்டார். உள்ளறையிலிருந்து அண்ணன் எழுந்து வந்து நிறுத்திவிட்டுப் போவார். அக்கா வேலையில் மூழ்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

அந்த ஞாயிறு அக்கா நான்காம் எண்ணைப் பொருத்தி ஒலியை ஏற்றினார். ரயில் போகும்வரை காத்திருந்தோம். போனது. அக்கா ஸ்பீக்கரில் காதை வைத்தார். நான் அவருக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்றிருந்தேன். எனக்குக் கேட்டது. ஈர விறகு எரிவதுபோல, விட்டுவிட்டு, மெல்லிய ஒரு பொரிச்சல். ஒரு முறை நின்றது, மறுபடி வந்தது. அக்கா கண்ணை மூடி இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து சிரித்தார். "சத்தமே இல்ல. என்னா அமைதி! கேட்டியளா சார்வாள்?"

அந்த முகத்தைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே கேட்கவில்லை. இந்த வேலை ஒன்றுதான் தனக்கு நன்றாக வரும் என்று அவர் அடிக்கடி சொல்வார். அதை இப்போது நான் எப்படிப் பிடுங்குவது? ஒருவேளை என் காதுதான் ஏமாற்றுகிறதோ? சூடேறினால் சரியாகிவிடுமோ? இப்படி நாலு காரணம் ஒரே மூச்சில் வந்து நின்றது.

"ஆமாங்க்கா," என்றேன்.

அவர் சீட்டு எழுதினார். நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் வானவடியில் கொடுத்தேன். கர்னல் அந்தச் சீட்டைத் தன் ஆம்ப்ளிஃபயர் மேல் நிறுத்தி வைத்தார். அடுத்த இருபது நாளும் என் கைப்பேசி அடிக்கும்போதெல்லாம் அவர்தானோ என்று பயந்துகொண்டே எடுத்தேன். அவர் என்னை அழைக்கவில்லை. அக்காவைத்தான் அழைத்தார்.

கர்னல் காலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். இடது ஸ்பீக்கரிலிருந்து கருகிய வாசனை. அதன் பிறகு அது பேசவில்லை. அந்த ஆம்ப்ளிஃபயரில் வால்வுக்கும் பின்னாலிருக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது. வால்வு தடுமாறினால் அந்தத் தடுமாற்றம் பெருகி நேராக ஸ்பீக்கருக்குப் போய்விடும். அக்கா உடனே எனக்குப் போன் செய்தார். "நான் எங்க தப்பு விட்டேன்னு தெரியல சார்வாள். பெட்டியோட போறேன். அவுக முன்னாலயே திரும்ப டெஸ்ட் பண்ணுதேன். கூட வாறியளா?" போகாமல் இருக்க முடியுமா?

கர்னல் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. இடது ஸ்பீக்கரின் கூம்பை விரலால் மெல்ல அழுத்திக் காட்டினார். உள்ளே கருகிய கம்பிச்சுருள் உரசும் கரகரப்பு. "என் அண்ணன் இதைச் செய்யும்போது நான் பக்கத்தில் இருந்தேன்," என்று இந்தியில் சொன்னார். "நீங்கள் எத்தனை தடவை சோதித்தீர்கள், மேடம்?"

அக்கா சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்து நான்காம் எண்ணைச் சொருகினார். அரை மணி நேரம் சூடேற வேண்டும். அந்த அரை மணி நேரமும் நாங்கள் மூவரும் நின்றுகொண்டே இருந்தோம். பிறகு அக்கா பொத்தானை அழுத்தினார். முள் எழுந்து, போன முறை நின்ற அதே இடத்தில் நின்றது.

"வாழ்த்துக்கள்," என்றார் கர்னல். "உங்கள் மீட்டரில் பாஸ்."

அக்காவின் மேலுதட்டில் வியர்வை. வால்வை எடுத்து, ஸ்பீக்கரோடு கூடவே கொண்டுவந்திருந்த சோதனை ஆம்ப்ளிஃபயரில் பொருத்தி, ஒலியை முழுதாக ஏற்றி, குனிந்து காதை வைத்தார். எனக்கு இப்போது ஆறடி தூரத்திலேயே கேட்டது. முன்பைவிட மோசம். அக்கா நிமிர்ந்து, குழப்பத்தோடு கர்னலிடம் சொன்னார். "எனக்கு ஒன்றும் கேட்கவில்லை சாப். நீங்கள் கேட்டுப் பாருங்கள்." கர்னல் குனிந்தார். இருபது விநாடி. பீரங்கிப் படையில் இருந்த காது அவருக்கு. "எனக்கும் ஒன்றும் இல்லையே," என்றார், கோபம் எங்கே போவது என்று தெரியாமல்.

அப்போது கர்னலின் மனைவி கையில் கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்தார். மராத்தியில் கேட்டார். "என்ன அது, கடுகு வெடிக்கிற மாதிரி? நான் அடுப்பைக்கூட இன்னும் பற்ற வைக்கவில்லையே."

அக்கா அந்த அம்மாள் நின்ற இடத்தைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். நடுவில் இருந்த தூரத்தைக் கண்ணால் அளப்பது தெரிந்தது. அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று மெதுவாக இறங்கிப் போனது. பிறகு என் பக்கம் திரும்பினார். தமிழில், மெல்லக் கேட்டார்.

"உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குதுங்க்கா."

"அன்னைக்கு?"

"கேட்டுச்சு."

அவர் தலையை ஒருமுறை அசைத்தார். ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். கர்னல் பக்கம் திரும்பி, நேராக நின்று இந்தியில் சொன்னார். "தவறு என்னுடையது, சாப். என் காது போய்விட்டது. இதுவரை எனக்குத் தெரியாது. இந்த நிமிடம்தான் தெரிகிறது. காது இல்லாமல் 'அமைதி' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஸ்பீக்கரைச் சரிசெய்து தருவது என் பொறுப்பு." என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

மூன்று மாடி இறங்கினோம். பெட்டியையும் மற்றவற்றையும் நான் தூக்கி வந்தேன். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில், நான் ஹெல்மெட்டை எடுத்தபோது அக்கா சொன்னார். "முரளி." அதுவரை அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "எனக்குக் கேக்காதது என் தப்பு. அத நான் மேல சொல்லியாச்சு. உங்களுக்குக் கேட்டது உங்க தப்பு. அது இன்னும் மேலயே கெடக்கு." அவ்வளவுதான். ஓர் ஆட்டோவை நிறுத்தி, மற்றதையெல்லாம் உள்ளே ஏற்றி, பெட்டியை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கிளம்பிவிடலாம் என்று ஸ்கூட்டரை ஒருமுறை ஸ்டார்ட் கூடச் செய்தேன். அப்புறம் அணைத்துவிட்டு மாடி ஏறினேன். கர்னல் கதவைத் திறந்தபோது, உள்ளேகூட நுழையாமல் வாசலில் நின்றபடியே சொன்னேன். அன்று எனக்கு அந்தச் சத்தம் கேட்டது, கேட்டும் நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன் என்று. அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "ஏன்?" என்றார். "அவர் மனம் கஷ்டப்படும் என்று," என்றேன். அந்தப் பதில் எனக்கே எவ்வளவு மட்டமாகக் கேட்டது என்பதை இப்போதும் மறக்க முடியவில்லை. கர்னல் கதவை அகலத் திறந்து, நாற்காலியைக் காட்டி, "பைட்டோ," என்றார்.

ஸ்பீக்கரைப் புதவார் பேட் கடைவீதியில் கம்பிச்சுருள் சுற்றும் ஒருவரிடம் அக்காவே கொண்டுபோனார். வலது ஸ்பீக்கரைப் பார்த்து அளவெடுத்துச் சுற்றி, கூம்பைக் கிழிக்காமல் மாட்டிக் கொடுத்தார் அவர். பழையபடி பாடுகிறது என்பது கர்னலின் கட்சி. இடது பக்கம் கொஞ்சம் மெலிந்துவிட்டது என்பது அவர் மனைவியின் கட்சி. இருவரில் யார் சொல்வது சரி என்று உங்களுக்கே தெரியும்.

அதன் பிறகு ஆறு வாரம் அக்கா என்னை அழைக்கவில்லை. நான் இரண்டு முறை அழைத்தேன். அண்ணன் எடுத்து, "வேலையா இருக்கா," என்றார். ஏழாவது வாரம் அவரே அழைத்தார். "சார்வாள், ஞாயித்துக்கெழம சும்மாத்தான் இருக்கியளா?" அந்தச் 'சார்வாள்' காதில் விழுந்ததும் அலுவலகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போனபோது மேசையில் காது டாக்டர் கொடுத்த வரைபடம் இருந்தது. இடமிருந்து வலமாகச் சமதளமாகப் போன கோடு, மேல்சுருதி வரும் இடத்தில் செங்குத்தாகக் கீழே விழுந்திருந்தது. பக்கத்தில் வால்வுப் பெட்டிகளின் குவியல். எப்போது காது மங்கத் தொடங்கியிருக்கும் என்று டாக்டரிடம் தோராயமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு சீட்டு எழுதிக் கொடுத்த ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, "எனக்குக் காது கேக்கல, வால்வத் திருப்பிக் கொடுங்க, பாத்துத் தாறேன்," என்று சொல்லி வாங்கியிருந்தார். நாற்பத்தொரு வால்வு. அத்தனை பேரிடமும் அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார். சிலர் கேலி செய்தார்களாம். ஒருவர் அதன் பிறகு அவரிடம் வரவே இல்லை.

"மீட்டர் நான் பாக்குதேன். காது நீங்க," என்றார். முதல் வால்வைப் பொருத்தி ஒலியை ஏற்றியதும், தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். "எதுக்குங்க்கா?" என்றேன். "என் மொகத்தப் பாத்தா நீங்க பொய் சொல்லுவிய," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கோங்க என்பதுபோலச் சொன்னார். ஐந்து ஞாயிறு அப்படி உட்கார்ந்தோம். ஒவ்வொரு முறையும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு, ரயில் போனபின், என்ன கேட்கிறது என்று சொல்ல வேண்டும். மூன்று வால்வுகளில் அதே பொரிச்சல் இருந்தது. மூன்றாவதைச் சொன்னபோது அவர் தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின. "எழுதிக்கிடுங்க," என்றார்.

போன வருடம் கோடையில், ஏதோ பொங்கல் விழாக் கணக்கு விஷயமாகப் பேச அழைத்த அக்கா பாதியில் நிறுத்திவிட்டார். "ரெண்டு நாளா உங்க அண்ணன் என்னையே பாத்துக்கிட்டிருக்காரு. கேட்டா ஒண்ணும் இல்லங்காரு. நீங்க சொல்லுங்க. என் பேச்சு எப்படி இருக்கு?"

எனக்கு முதல் வாக்கியத்திலேயே தெரிந்திருந்தது. "மூச்சு வாங்குதுங்க்கா. மூணு வார்த்தைக்கு ஒருக்கா நிக்கறீங்க. போன வாரம் இப்படி இல்ல."

நான் பேசியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. பிறகு, "சரி. நாளைக்கே போறேன்," என்றார். போனார். நுரையீரலில் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். இன்னும் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். கிடைத்தது பத்து மாதம். அதில் பேத்தியின் பள்ளி ஆண்டு விழாவைப் பார்த்தார், அம்பாசமுத்திரத்துக்கு ஒருமுறை போய் வந்தார், அண்ணனுக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

எனக்கு வேலை மென்பொருள் சோதனை. 'எல்லாம் சரிதானே?' என்று மேசையைச் சுற்றிக் கேட்கும் கூட்டங்கள் வாரத்துக்கு இரண்டு முறையாவது நடக்கும். சரி என்ற பதிலை எதிர்பார்த்து எல்லோரும் ஏற்கெனவே மடிக்கணினியை மூடியிருப்பார்கள். அந்த இடத்தில், எனக்குத் தெரிந்ததைச் சொல்லும் பழக்கம் கோமதி அக்காவிடமிருந்து என்னிடம் வந்தது. அதுதான் என்னிடம் தங்கியிருக்கிறது. வார்த்தை தொண்டையில் வந்து ஒரு நொடி நிற்கும். எதிரே இருப்பவரின் முகம் எப்படி மாறும் என்ற பயம் முன்னால் வந்து நிற்கும். பிறகு சொல்லிவிடுகிறேன். இத்தனை நாளாகியும் அந்த ஒரு நொடி குறையவில்லை. குறைந்துவிட்டது என்று இங்கே எழுதினால் அழகாகத்தான் இருக்கும். அக்கா நம்பமாட்டார்.